மர்யம் (அலை) அமர்ந்த மரத்தடி: மனம் சோர்ந்தவருக்கு அல்லாஹ் காட்டிய வழி

 



ஓர் இளம்பெண். திருமணம் ஆகவில்லை. அல்லாஹ்வின் நாட்டத்தால் கணவன் இல்லாமலேயே கருவுற்றிருக்கிறார். ஊர் என்ன பேசும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஒதுங்கித் தூரமான ஓர் இடத்துக்குப் போய்விட்டார். பிரசவ வலி வருகிறது. கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. வலி அவரை ஒரு பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்த இடத்தில் அவர் என்ன சொன்னார்? இதற்கு முன்பே நான் செத்துப் போயிருக்கக் கூடாதா, ஒருவருக்கும் நினைவில்லாமல் அடியோடு மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கினார்.

யார் இந்தப் பெண்? மர்யம் (அலை) அவர்கள். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட ஒரே பெண்மணி. உலகப் பெண்களை விட மேலாக அல்லாஹ் தேர்ந்தெடுத்த பெண்மணி. அவர் வாயிலிருந்து சாவை விரும்பும் பேச்சு வந்தது. அந்தப் பேச்சை அல்லாஹ் மறைத்துவிடவில்லை. 19-ஆவது அத்தியாயத்தில் பதிவு செய்து, கியாமத் நாள் வரைக்கும் நாம் ஓதும்படி வைத்திருக்கிறான்.

சகோதரர்களே, ஈமான் பலமாக இருந்தால் மனம் உடையாது என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். மர்யம் (அலை) அவர்களின் ஈமானை விடவா நம் ஈமான் பலமானது? யஃகூப் (அலை) அவர்கள் மகனை நினைத்து அழுது அழுது கண்கள் வெளுத்துப் போயின என்று யூஸுஃப் அத்தியாயம் சொல்கிறது. அவர் நபி. அந்தத் துக்கத்தை ஈமானின் குறைவு என்று குர்ஆன் எங்கேயும் சொல்லவில்லை.

இனி இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கவனியுங்கள். சாக வேண்டும் போல இருக்கிறது என்று சொன்ன அடியாளுக்கு அல்லாஹ் என்ன கொடுத்தான்? முதலில், கவலைப்படாதே என்று ஓர் ஆறுதல் குரல். அடுத்தது, உன் காலடியிலேயே ஓர் ஓடையை உன் இறைவன் ஏற்படுத்தியிருக்கிறான், பார் என்ற செய்தி. பிறகு, பேரீச்ச மரத்தின் அடியைப் பிடித்து உன் பக்கமாக உலுக்கு, கனிந்த பழங்கள் விழும். சாப்பிடு, குடி, கண் குளிர்ந்திரு. மனிதர் யாரையாவது பார்த்தால், இன்றைக்கு நான் எவரிடமும் பேசுவதில்லை என்று நேர்ச்சை செய்திருப்பதாகத் தெரிவித்துவிடு.

தண்ணீர், மரம், கையால் செய்ய ஒரு சின்ன வேலை, உணவு, மௌனம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் அன்பான சொல்.

இதில் அந்த உலுக்கும் வேலை எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருக்கும். பிரசவ வேதனையில் இருக்கும் ஒரு பெண் உலுக்கினால் பேரீச்ச மரம் அசையுமா? நாலு ஆம்பளைகள் சேர்ந்து தள்ளினாலும் லேசில் அசையாது. அவர் மிஹ்ராபில் இருந்தபோது, அவர் கேட்காமலேயே உணவு வந்து கொண்டிருந்தது. ஸக்கரிய்யா (அலை) அவர்களே அதைப் பார்த்து வியந்தார்கள். அப்படிக் கொடுத்தவன் இங்கேயும் பழத்தை மடியில் போட்டிருக்கலாம். ஆனால் கையை நீட்டச் சொன்னான். மனம் ஒடுங்கிக் கிடக்கும்போது எழுந்து கையை நீட்டுவதே மருந்தில் ஒரு பாதி. மரத்தை அசைப்பதை அவன் பார்த்துக் கொண்டான்.

இன்னொருவரைப் பாருங்கள். யூனுஸ் (அலை) அவர்களை மீன் விழுங்கியது நமக்குத் தெரியும். வெளியே வந்த பிறகு என்ன நடந்தது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. 37-ஆவது அத்தியாயத்தில் அல்லாஹ் சொல்கிறான்: நோயுற்ற நிலையில் அவரை வெட்டவெளியான கரையில் சேர்த்தோம், அவர் மீது ஒரு சுரைக்கொடியை முளைக்கச் செய்தோம். அதற்கு அடுத்த வசனத்தில்தான் ஒரு லட்சம் பேருக்கு, அல்லது அதற்கும் அதிகமானவர்களுக்கு அவரைத் தூதராக அனுப்பியதைச் சொல்கிறான். ஒரு லட்சம் பேரைச் சந்திக்கப் போகிற மனிதருக்கு முதலில் ஓர் இலையின் நிழல். மூஸா (அலை) அவர்கள் உயிருக்குப் பயந்து எகிப்திலிருந்து ஓடி வந்தார்கள். மத்யனில் இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு நிழலில் ஒதுங்கி உட்கார்ந்துதான் துஆ கேட்டார்கள். உடைந்து போன தன் அடியார்களை அல்லாஹ் எப்படித் தேற்றினான் என்று குர்ஆனில் தேடினால் நிழலும் நீரும் திரும்பத் திரும்ப வருகின்றன.

நம் நபி (ஸல்) அவர்கள்? ஹிரா குகையை எல்லோரும் அறிவோம். தனிமை அவர்களுக்கு விருப்பமாக்கப்பட்டது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் வருகிறது. அதெல்லாம் நபித்துவத்துக்கு முன்னால், பிறகு வேலை அதிகமாகிவிட்டது, அதற்கு எங்கே நேரம் என்று தோன்றலாம். மதீனாவில் அவர்கள் ஆட்சித் தலைவர், நீதிபதி, படைத் தளபதி, இமாம், குடும்பத் தலைவர். அந்தக் காலத்திலும் நபி (ஸல்) அவர்கள் ஊருக்கு வெளியே நீரோடைகள் இறங்கும் இடங்களுக்குப் போய் வருவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. ஒருமுறை அப்படிப் புறப்படும்போது ஆயிஷா (ரலி) அவர்களுக்கும், இன்னும் சவாரிக்குப் பழகாத ஓர் ஒட்டகத்தை அனுப்பி வைத்து, அதனிடம் மென்மையாக நடந்துகொள்ளும்படி சொன்னார்கள். இதில் மனைவியை விட்டுவிட்டுப் போகவில்லை என்பதை ஆண்கள் கவனிக்க வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பள்ளிவாசலுக்கு எதிரிலேயே அபூதல்ஹா (ரலி) அவர்களின் பைருஹா தோட்டம் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதற்குள் போவார்கள், அங்கிருந்த நல்ல தண்ணீரைக் குடிப்பார்கள். குபாவுக்குப் பக்கத்தில் அரீஸ் கிணறு. அன்றைக்கு முழுவதும் நபியவர்களோடு இருப்பது என்று முடிவு செய்துகொண்டு அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) தேடிக்கொண்டு வருகிறார்கள். பள்ளியில் காணோம். கேட்டுக்கொண்டே போனால், கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் கிணற்றுக்குள் தொங்கவிட்டுக் கொண்டிருக்கிறார்கள்! அபூபக்ர் (ரலி) வந்தார்கள், வலப்பக்கம் உட்கார்ந்து அவர்களும் காலைத் தொங்கவிட்டார்கள். உமர் (ரலி) வந்தார்கள், இடப்பக்கம் அப்படியே. உஸ்மான் (ரலி) வந்தபோது இந்தப் பக்கம் இடமில்லை, எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். புகாரியில் வரும் சம்பவம் இது. அந்த மூவருக்கும் சொர்க்கத்தின் நற்செய்தி சொல்லப்பட்டது அந்தக் கிணற்றடியில்தான்.

கிணற்றில் காலைத் தொங்கவிட்டு உட்கார நபிக்கு நேரம் இருந்தது. நமக்கு இல்லை.

நம் நிலைமையைப் பாருங்கள். தி.நகரில் கடை வைத்திருப்பவர் காலையில் ஷட்டரைத் தூக்கினால் இரவு இறக்கும்வரை சூரியனைப் பார்ப்பதில்லை. ரங்கநாதன் தெருவில், உஸ்மான் ரோட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் நாள் முழுக்க நின்றபடியே இருந்தார்கள். அவர்கள் உட்கார ஓர் இருக்கை போட வேண்டும் என்று 2021-இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ஒரு மனிதன் உட்காருவதற்குச் சட்டம் தேவைப்பட்டது என்றால் வெட்கப்பட வேண்டியவர்கள் முதலாளிகள்தான். இந்தச் சபையில் முதலாளிகளும் இருக்கிறீர்கள், அதனால்தான் சொல்கிறேன். ஐ.டி. கம்பெனிப் பிள்ளை பழைய மகாபலிபுரம் சாலையில் இரண்டு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்துவிட்டு வந்து, அமெரிக்காக்காரன் எழும் நேரத்துக்கு மறுபடியும் கம்ப்யூட்டரைத் திறக்கிறான். மயிலாப்பூர், அடையாறு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் வயதான அத்தா ஜன்னல் வழியே எதிர்வீட்டு ஏ.சி. பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மகன் துபாயில் இருக்கிறான்.

பிறகு எங்களிடம் வருகிறீர்கள். ஹஜ்ரத், தூக்கம் வரமாட்டேங்குது, நெஞ்சு படபடங்குது, யாரோ ஏதோ செய்துட்டாங்க போல, ஓதி ஊதுங்க என்கிறீர்கள். ஓதுவோம். ஓதுவதில் ஷிஃபா இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கடைசியாக எப்போது வானத்தைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்பவர் ஒப்பிட்டு 1984-இல் வெளியிட்டார். பாதிப்பேருக்கு ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மீதிப்பேருக்குச் செங்கல் சுவர். சிகிச்சை ஒரே மாதிரிதான். மரத்தைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மாத்திரைகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 2019-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் எடுத்த ஆய்வு ஒன்று வந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது மரம், கடற்கரை போன்ற இடங்களில் இருப்பவர்கள், அப்படிப் போகாதவர்களை விட நலமாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரமோ, பிரித்துப் பிரித்தோ, இரண்டும் ஒன்றுதான். நலமாக இருப்பவர்கள்தானே வெளியே போவார்கள் என்று இதில் ஒரு கேள்வி உண்டு. ஆய்வு செய்தவர்களே அதை ஒப்புக்கொள்கிறார்கள். ஆய்வு நாளைக்கு மாறலாம். மர்யம் (அலை) அவர்களின் காலடியில் ஓடிய ஓடை மாறாது.

நம் முன்னோர்களுக்கும் இது தெரிந்திருந்தது. பல்க் நகரத்தைச் சேர்ந்த அபூஸைத் அல்பல்கீ, கி.பி. 934-இல் இறந்தவர். உடலுக்கு நோய் வருவது போல உள்ளத்துக்கும் நோய் வரும் என்று தனிப் பகுதியே எழுதினார். கோபம், பயம், துக்கம், விடாமல் அரிக்கும் வஸ்வாஸ் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேசியிருக்கிறார். வீட்டில் அவசரத்துக்கு மருந்து வாங்கி வைப்பது போல, நல்ல எண்ணங்களையும் நலமாக இருக்கும் காலத்திலேயே சேர்த்து வைக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. ஹலப் நகரில் 1354-இல் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகள் இருந்த பகுதியின் நடுவே நீரூற்று இருந்தது. துருக்கியின் எடிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488-இல் கட்டிய மருத்துவமனையில் தண்ணீர் ஓசையையும் பூ வாசனையையும் சிகிச்சையாகப் பயன்படுத்தினார்கள்.

அந்த வரலாற்றுக்குச் சொந்தக்காரர்களான நாம் நம் தமிழ்நாட்டில் என்ன செய்தோம்? மனம் கனக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் விடியற்காலையில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்து போனார்கள். அவர்கள் எல்லா மதத்துக் குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள். கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் இல்லை. என்ன செய்வதென்று தெரியாத தாய் தகப்பன்மார், அண்ணன் தம்பிகள். ஜின், ஷைத்தான், செய்வினை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மருத்துவரிடம் போக வேண்டிய நோய்க்குச் சங்கிலி போட்டார்கள். இன்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது. ஏர்வாடியிலும் இப்போது துஆவோடு தவாவும், அதாவது பிரார்த்தனையோடு மருந்தும் சேர்ந்து கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது.

அதனால் நான் சொல்வதைத் தவறாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கடற்கரைக்குப் போனால் போதும், மாத்திரை வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. மருத்துவம் செய்துகொள்ளுங்கள், எந்த நோயையும் அதற்கான மருந்தில்லாமல் அல்லாஹ் இறக்கவில்லை என்பது நபிமொழி. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் தவக்குல் இல்லாதவரா? நடந்தால் சர்க்கரை குறைகிறது என்று மாத்திரையைத் தூக்கிப் போடுகிறோமா? நடையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். மனநோய்க்கும் அப்படியே. மாத்திரை சாப்பிடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

முதல் வஹீ வந்த நாளில் நபி (ஸல்) அவர்கள் நடுங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்கள். போர்த்திவிடச் சொன்னார்கள். தனக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயமாக இருப்பதை மனைவியிடம் மறைக்காமல் சொன்னார்கள். கதீஜா (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? ஆம்பளை இப்படிப் பயப்படலாமா என்று கேட்கவில்லை. முதலில் போர்த்திவிட்டார்கள். நடுக்கம் அடங்கிய பிறகு, நீங்கள் உறவைப் பேணுகிறவர், ஏழைக்கு உதவுகிறவர், அல்லாஹ் உங்களைக் கைவிடமாட்டான் என்று அவரிடம் இருந்த நல்லதை எடுத்துச் சொன்னார்கள். அதன் பிறகு விஷயம் தெரிந்த ஒருவரிடம், வரகா இப்னு நவ்ஃபலிடம், கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டில் ஒருவர் நடுங்கினால் குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் தேவையா?

சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் விளையாட்டாக எடுத்துக் கொள்ளாதீர்கள். ஹராம் என்று ஒரு வார்த்தையில் வாயை அடைத்துவிடவும் வேண்டாம். அது ஹராம் என்று அவருக்கே தெரியும். அதனால்தான் வெளியே சொல்லக் கூசுகிறார். பக்கத்தில் உட்காருங்கள், தனியாக விடாதீர்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழ்நாடு அரசின் 104 இருக்கிறது. இங்கே ராஜா அண்ணாமலைபுரத்தில் சினேகா அமைப்பு 1986-இலிருந்து இந்தச் சேவையைச் செய்து வருகிறது. அவர்கள் எண் 044-24640050. போனில் பதிந்து வையுங்கள். நமக்குத் தேவைப்படாவிட்டாலும் யாருக்காவது தேவைப்படும்.

இப்போது தியானம் பற்றி. ஆபீஸில் தியான வகுப்பு வைக்கிறார்கள், போகலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அதில் வேறு வணக்கமோ மந்திரமோ இருந்தால் மரியாதையாக விலகிக் கொள்ளுங்கள். மூச்சைக் கவனித்து அமைதியாக உட்கார்ந்திருப்பது மட்டும்தான் என்றால், அது நடைப்பயிற்சி மாதிரி ஒரு பயிற்சி. ஆனால் என் வருத்தம் வேறு. நம் வீட்டுக்குள் இருக்கும் பொருளைத் தேடி நாம் அடுத்த தெருவுக்குப் போகிறோம். ஆலஇம்ரான் அத்தியாயத்தின் 190, 191 வசனங்களில், அறிவுடையோர் யார் என்பதற்கு அல்லாஹ் அடையாளம் சொல்கிறான். நின்றும் உட்கார்ந்தும் படுத்தும் அல்லாஹ்வை நினைப்பார்கள். வானங்கள், பூமியின் படைப்பைச் சிந்திப்பார்கள். நாவில் திக்ர், கண்ணில் படைப்பு, உள்ளத்தில் சிந்தனை. இதற்கு தஃபக்குர் என்று பெயர். படுத்துக்கொண்டும் செய்யலாம் என்கிறான். நோயாளிக்கும் இடம் இருக்கிறது, எழ முடியாமல் சோர்ந்து கிடப்பவருக்கும் இடம் இருக்கிறது.

எப்படிச் செய்வது? எளிது. ஃபோனை வீட்டில் வையுங்கள், அல்லது அணைத்துப் பையில் போடுங்கள். ஒரு மரத்தடியில் உட்காருங்கள். ஒரே ஒரு படைப்பைப் பாருங்கள். அல்காஷியா அத்தியாயத்தில் ஒட்டகம் எப்படிப் படைக்கப்பட்டது, வானம் எப்படி உயர்த்தப்பட்டது, மலை எப்படி நாட்டப்பட்டது, பூமி எப்படி விரிக்கப்பட்டது என்று பார்க்கச் சொல்கிறான். பாலைவனத்து மனிதனுக்கு அவன் தினமும் பார்க்கும் ஒட்டகத்தையே காட்டினான். நமக்கு ஒட்டகம் வேண்டாம், காக்கை இருக்கிறது. வேப்பிலை இருக்கிறது. வேப்பம்பூ கொட்டும் காலத்தில் ஒரு பூவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். சுப்ஹானல்லாஹ் என்று ஒரு மூச்சுக்கு ஒரு முறை, அவசரமில்லாமல் சொல்லுங்கள். எண்ணிக்கை வேண்டாம். தஸ்பீஹ் கவுண்டரை அழுத்தி ஆயிரம் முடிக்கிற அவசரம் வேறு; இது வேறு. கவலை நடுவில் வரும், வரட்டும். மறுபடியும் அந்தப் பூவுக்குத் திரும்புங்கள். பத்து நிமிடம் போதும்.

இடம் எங்கே என்று கேட்காதீர்கள். சென்னையில் நம் பகுதிக்கு அல்லாஹ் இதில் குறை வைக்கவில்லை. லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்கா இருக்கிறது. தி.நகரில் பனகல் பூங்காவும் நடேசன் பூங்காவும் கடைகளிலிருந்து நடந்து போகும் தூரம். மதிய லுஹருக்குப் பிறகு கடைப் பிள்ளைகளுக்குக் கால் மணி நேரம் கொடுத்து ஒரு பூங்காவுக்கு அனுப்பினால் எந்த வியாபாரமும் கெட்டுவிடாது. கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர். 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஊருக்கு நடுவே புள்ளிமானும் வெளிமானும் திரிகின்றன. இப்படி ஒரு காடு உள்ளுக்குள் இருக்கும் ஊர் அபூர்வம். நம் பிள்ளைகள் மால்களின் மாடிகளை எல்லாம் அறிவார்கள், கிண்டி மானைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

அடையாறு ஆலமரம் தெரியுமல்லவா? பிரம்மஞான சபை வளாகத்தில் இருக்கிறது. அவர்கள் கொள்கை வேறு, நம் கொள்கை வேறு, மரம் அல்லாஹ்வுடையது. பல நூறு ஆண்டு மரம். அதன் நடு அடிமரம் 1989-இல் புயல் காற்றில் விழுந்துவிட்டது. அடிமரமே போன பிறகு மரம் எப்படி நிற்கும்? நிற்கிறது. சுற்றிலும் இறங்கிய விழுதுகள் தாங்குகின்றன. சொந்தம், ஜமாஅத், நண்பன், பக்கத்து வீட்டுக்காரர் என்று விழுது விட்டவருக்கு நடுமரம் சாய்ந்தாலும் தாங்க ஆள் இருக்கும்.

பெசன்ட் நகர் கடற்கரைக்கு ஞாயிறு மாலையில் போகாதீர்கள். அது பஜ்ஜிக்கும் பலூனுக்கும் உள்ள நேரம். சுபுஹுத் தொழுதுவிட்டுப் போங்கள். நம் கடல் கிழக்கே இருப்பதால் சூரியன் தண்ணீரிலிருந்து எழுவதை நாம் பார்க்கலாம். மும்பைக்காரருக்கு அது கிடைக்காது. தை, மாசி மாத இரவுகளில் அந்தக் கரையில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988-இலிருந்து மாணவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து அந்த முட்டைகளைப் பாதுகாக்கிறார்கள். நம் வாலிபர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு ஈ.சி.ஆரில் பறப்பதற்குப் பதில் ஓர் இரவு அவர்களோடு நடந்து பார்க்கட்டும்.

ஒரு சிலருக்குக் கடலும் மழையும் ஆறுதலாக இல்லை, பயமாகத்தான் இருக்கின்றன. 2004 சுனாமியில் உறவை இழந்தவர்கள், 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் புகுந்ததைப் பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மழை கொஞ்சம் பலமாகப் பெய்தாலே அவர்களுக்கு நெஞ்சு அடைக்கும். அவர்களைக் கேலி செய்யாதீர்கள். கருமேகத்தைக் கண்டால் நபி (ஸல்) அவர்களின் முகமே மாறிவிடும் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் கடலை விட்டுவிடுங்கள், மரத்தடிக்குப் போங்கள்.

பெண்கள் விஷயத்தைப் பின்னால் சொல்கிறேன் என்றேன். நாம் டீக்கடைக்காவது போகிறோம். நம் வீட்டுப் பெண்கள்? அடுப்படி, பிள்ளை, மாமியார், மறுபடியும் அடுப்படி. மூன்றாவது மாடியில் சூரிய வெளிச்சம் படாத சமையலறை. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களை ஓடை இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனார்கள், பயணத்தில் அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். ஒருமுறை அவர் ஜெயித்தார், பிறகு ஒருமுறை இவர்கள் ஜெயித்தார்கள். நாம் மனைவியோடு நடந்தால்கூட பத்தடி முன்னால் நடக்கிறோம்! பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மனச்சோர்வு வருவது மருத்துவர்கள் அறிந்த நோய். மர்யம் (அலை) அவர்களின் சம்பவமும் பிரசவத்தில் நடந்ததுதான். பேறுகால வீட்டில், ஏன் எப்பவும் அழுறே என்று கேட்காதீர்கள். மருத்துவரிடம் கேளுங்கள். பிள்ளையை ஒரு மணி நேரம் நீங்கள் வைத்துக்கொண்டு அவளை மொட்டை மாடிக்காவது போகவிடுங்கள்.

போக முடியாதவர் இருக்கும் இடத்துக்கு மரத்தைக் கொண்டுவரலாம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதனோ கால்நடையோ தின்றால் அது அவருக்கு ஸதகா என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. 2016 வர்தா புயலில் இந்த ஊரில் எத்தனை மரம் சாய்ந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். நம் தெருக்களில் விழுந்த மரங்களுக்கு ஈடாக எத்தனை வைத்தோம்? அத்தாவின் ஜன்னலில் ஒரு தொட்டி துளசியோ கற்றாழையோ வையுங்கள். தண்ணீர் ஊற்றும் வேலையை அவரிடமே கொடுங்கள்.

ஓர் அறிவிப்பு. வரும் ஞாயிறு சுபுஹுக்குப் பிறகு பள்ளியிலிருந்து புறப்பட்டுக் கடற்கரைக்குப் போகலாம் என்று ஜமாஅத்தில் பேசியிருக்கிறோம். குடும்பத்தோடு வாருங்கள், பெண்களுக்குத் தனி வேன் இருக்கிறது. முதல் கால் மணி நேரம் யாரும் பேசக் கூடாது, ஃபோன் எடுக்கக் கூடாது, பயானும் கிடையாது. அதன் பிறகு டீயும் பன்னும் உண்டு. குப்பை போட ஆளுக்கு ஒரு பை கொண்டு வரவும். நடக்க முடியாத பெரியவர்கள் முஅத்தினிடம் பெயர் கொடுத்துவிட்டால் வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொள்வார்கள். நான் சொன்ன மூன்று எண்களும் ஒளூச் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது; யாரும் பார்க்காத நேரத்தில் குறித்துக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் அங்கே ஒட்டச் சொன்னேன்.

குத்பாவுக்கு நேரமாகிவிட்டது. ஸுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுது கொள்ளுங்கள்.